குடிவந்தவரை ஏன் வந்தேறி என்கிறோம்?

சென்ற மாதம் அம்மாவோடு ஓர் ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை வாய்விட்டு வாசித்தபடிதான் பார்ப்பார். படம் முடியும் தறுவாயில் ஓர் இளம் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுகிறாள். தான் இமிக்ரண்ட் பெற்றோரின் மகள் என்கிறாள். குரலில் அத்தனை பெருமிதம், முகத்தில் அத்தனை வெளிச்சம். அடியில் ஓடிய வரி: "நான் வந்தேறிகளின் மகள்."

அம்மா வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பிள்ளை தன்ர தாய் தேப்பனைத் தானே ஏசுது?"

அதற்குமேல் என் மனம் படத்தில் ஒட்டவில்லை. இந்தச் சொல்லை இப்படி நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. படங்களின் தமிழ் வரிகளில், செய்தி மொழிபெயர்ப்புகளில், இங்கே கனடாவின் ஸ்காபரோவில் புதிதாக வந்தவர்களுக்கென்று அச்சிட்டுக் கொடுத்த ஓர் அறிவித்தலில்கூடக் கண்டிருக்கிறேன். "வந்தேறிகளுக்கான இலவச ஆங்கில வகுப்பு" என்று இருந்தது. உதவி செய்ய அழைக்கிறவர்கள் வசைச் சொல்லால் அழைத்திருந்தார்கள். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அகராதியைத் திறந்திருப்பார், அதில் இருந்திருக்கும், எடுத்துப் போட்டிருப்பார்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் மிக்ராரே என்றால் இடம் மாறுதல். உள்ளே என்று பொருள்படும் முன்னொட்டுச் சேர்ந்தால் இமிக்ரண்ட், வெளியே என்று பொருள்படும் முன்னொட்டுச் சேர்ந்தால் எமிக்ரண்ட். ஒரே ஆள்தான். வந்து சேர்ந்த நாட்டின் வாசலில் நின்று பார்த்தால் முன்னது, விட்டுப்போன நாட்டின் வாசலில் நின்று பார்த்தால் பின்னது. சட்டத்தில் அது ஒரு வகைப்பெயர், அவ்வளவுதான். அந்தச் சொல்லை வெறுப்போடு உச்சரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் வெறுப்பு குரலில் இருக்கிறது, சொல்லுக்குள் இல்லை. அதனால்தான் அந்தப் பெண்ணால் அதைத் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது.

வந்தேறி அப்படியான சொல் அல்ல. வந்து, ஏறு, அதன்மேல் செய்கிறவரைக் குறிக்கும் இகரம். இலக்கணத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல தமிழ்ச் சொல், பழைய சொல்லும்கூட. வைணவ உரையாசிரியர்கள் இதை எடுத்தாண்டிருக்கிறார்கள். உயிருக்கு இயல்பாக இல்லாமல் இடையில் வந்து ஒட்டிக்கொண்ட குணத்தை அவர்கள் வந்தேறி என்றார்கள். நான் என்னும் செருக்கு இயல்பு அல்ல, வந்தேறி. ஆகவே கழிக்கப்பட வேண்டியது. அங்கேயே பாருங்கள்: வந்தேறி என்றால் வந்தது மட்டுமல்ல, இங்கே இருக்க உரிமை இல்லாதது, என்றோ ஒருநாள் கழுவி நீக்க வேண்டியது. மெய்யியலில் அது ஆழமான கருத்து. மனிதர்மேல் ஏற்றினால் அச்சம் தரும் கருத்து.

இன்றைய தமிழ்நாட்டு அரசியல் மேடையில் இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முன்னூறு, நானூறு ஆண்டுகளாகத் தமிழ் மண்ணில் வாழும் குடும்பத்தைப் பார்த்து, உன் பாட்டன் வீட்டில் வேறு மொழி பேசினான், நீ வந்தேறி என்கிறார்கள். எதிர் மேடையில் இருப்பவர் திருப்பிச் சொல்கிறார், நீங்கள்தான் வந்தேறிகள் என்று. ஆரியர் வந்தேறி, தெலுங்கர் வந்தேறி, வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் வந்தேறி. ஒருவரும் தன்னை வந்தேறி என்று சொல்வதில்லை. தன்னைக் குறிக்க யாருமே எடுத்துக்கொள்ளாத, அடுத்தவர்மேல் எறிவதற்கு மட்டுமே பயன்படும் சொல் எப்படி ஒரு நாட்டின் சட்டச் சொல்லுக்கு ஈடாக முடியும்?

இதைச் சொன்னால் இரண்டு மறுப்புகள் வருகின்றன. முதலாவது தனித்தமிழ் அன்பர்களுடையது: வேர் தூயது, பொருள் பொருந்துகிறது, சிலர் கெடுத்தார்கள் என்பதற்காக ஒரு சொல்லை ஏன் கைவிட வேண்டும்? அவர்கள் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். நானும் இயன்றவரை வடசொல் தவிர்த்தே எழுதுகிறவன். ஆனால் நாற்றம் என்ற சொல்லும் தூய வேருடையதுதான், ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் அதுவே பெயர். இன்று மல்லிகைக்கு நல்ல நாற்றம் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதினால், வேரைக் காட்டி அவரால் தப்ப முடியுமா? சொல் இன்று என்ன பொருளில் வாழ்கிறதோ அதுதான் வாசகரின் காதில் விழும்.

இரண்டாவது மறுப்பு திரைப்பட வரி எழுதுகிறவர்களுடையது. இடம் போதாது, பார்ப்பவர் இரண்டு நொடிக்குள் வாசித்து முடிக்க வேண்டும், வந்தேறி நாலே எழுத்து. இந்த நெருக்கடி உண்மையானது. நானும் பல ஆண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்தவன், வரிக்குள் அடக்குவதன் அருமை தெரியும். ஆனால் இடப்பற்றாக்குறை வசையை வாழ்த்தாக்காது. நன்றாகத் தமிழ் தெரிந்த ஒருவர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வரியை எழுதியிருந்தால், கை தானாகவே நின்றிருக்கும். இப்போது பலர் படத்தைப் பார்ப்பதே இல்லை, வரிப்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். கோபத்தில் எல்லைக் காவலன் சொல்வதும், பெருமையில் மகள் சொல்வதும் பட்டியலில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வசை வேண்டிய இடத்தில் வந்தேறி எழுதலாம், எனக்கு மறுப்பில்லை. மலேசியாவைக் கவனியுங்கள். மலாய் மொழியில் டத்தாங் என்றால் வருதல். அதிலிருந்து பிறந்தது பெண்டாத்தாங், வந்தவர். வேரில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து, ரப்பர் வெட்டி, ரயில் பாதை போட்டு, அந்த மண்ணிலேயே எரிந்த தமிழரின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து ஓர் அரசியல்வாதி பெண்டாத்தாங் என்னும்போது, அங்குள்ள தமிழருக்கு நெஞ்சு எரிகிறது. அதைத் தமிழில் சொல்ல வந்தேறி மிகச் சரியான சொல். இரண்டும் ஒரே இடத்தில் குத்துகின்றன. அந்த வலியைக் கேட்டு இங்கே கொதிக்கிறவர்கள் பலர், மறுநாள் பீகாரிலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியை அதே சொல்லால் அழைக்கிறார்கள்.

ஈழத்தவரான எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூலகத்தில் முதியோருக்கு நடக்கும் தமிழ் வாசிப்பு வட்டத்தில் இந்தச் சொல் பற்றிப் பேச்சு வந்தது. இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெரியவர் ஒருவர், பெரும்பாலும் வாய் திறக்காதவர், அன்று சொன்னார்: "எங்களுக்கு அந்தப் பேரு இல்லீங்க. கள்ளத்தோணின்னு சொன்னாங்க. பொறந்தது அங்கதான், எங்கப்பாரு பொறந்ததும் அங்கதான். ஒரு தோணியில ஏறுனது கெடையாது." யாழ்ப்பாணத்து வீடுகளில் அவர்களை என்ன சொல்லி அழைத்தோம் என்பது எனக்குத் தெரியும். தோட்டக்காட்டான் என்போம், வடக்கத்தியான் என்போம். அறையில் இருந்த யாழ்ப்பாணத்தார் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்தது. அதன்படி நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தவர்களை அங்கே சிலோன்காரர் என்றார்கள். இலங்கையில் இந்தியாக்காரன், இந்தியாவில் சிலோன்காரன். வந்தேறி என்ற சொல்லின் கொடுமை இதுதான். அந்தச் சொல்லுக்குள் வருதல் மட்டுமே இருக்கிறது, வந்து சேர்தல் இல்லை. நாற்பது வருடம் வரி கட்டினாலும், பிள்ளை பெற்றாலும், அங்கேயே செத்தாலும் வந்துகொண்டே இருக்கிறவர்.

சரி, எந்தச் சொல்தான் தகும்? நம்மிடம் இல்லாத சொல்லா! தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாடுகளைப் பாருங்கள். இலங்கையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கிறது. உள்ளே வருவது குடிவரவு, வெளியே போவது குடியகல்வு. லத்தீன் முன்னொட்டு இரண்டுக்கும் இதைவிடத் துல்லியமான இணையை நான் கண்டதில்லை. சிங்கப்பூரில் குடிநுழைவு என்கிறார்கள், மலேசியத் தமிழரும் அப்படியே. எல்லாவற்றிலும் குடி இருக்கிறது. குடி என்றால் வீடு, குடும்பம், ஒரு நாட்டின் மக்கள். குடித்தனம், குடியிருப்பு, குடிமகன், குடியரசு எல்லாம் அதில் பிறந்தவை. குடிவந்தவர் ஒருநாள் குடியுரிமை பெறுவார் என்ற வழி அந்தச் சொல்லிலேயே திறந்து கிடக்கிறது.

தமிழ்நாட்டு நாளிதழ்கள் மட்டும் ஏனோ இந்த இடத்தில் தடுமாறுகின்றன. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்க்கிறவரைக் "குடியுரிமை அதிகாரி" என்று எழுதுகிறார்கள். சுற்றுலாவுக்கு வந்த ஜப்பானியருக்குக் குடியுரிமைச் சோதனை நடந்ததாம்! குடியுரிமை வேறு, குடிவரவு வேறு. கொழும்பில் ஒரு பலகையைப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். கடல் கடந்த தமிழில் எது நல்லது என்று பார்க்கும் வழக்கம் சென்னைச் செய்தி அறைகளுக்கு இன்னும் வரவில்லை.

குடியேறியவர், குடியேறி என்று எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், பிழையில்லை. ஆனால் ஈழத்தவர் காதில் குடியேற்றம் என்றதும் வேறொன்று கேட்கும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன்பின் வந்தவையும், அரசே ஆட்களைக் கொண்டுவந்து நிலத்தில் இருத்தி ஊரின் முகத்தை மாற்றிய கதையும் அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கின்றன. அரசின் பலத்தோடு வந்து நிலம் பிடித்தவருக்கும், இரண்டு பெட்டியோடு வந்து வாடகை வீடு தேடியவருக்கும் ஒரே சொல் கூடாது. ஆகவே குடிவந்தவர் என்பதே என் தெரிவு. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள் என்று தமிழ் பேசும் எல்லா ஊரிலும் சொல்கிறோம். அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை, ஒரு தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் தோன்றும்.

புலம்பெயர்ந்தவர் என்ற சொல்லையும் இதோடு குழப்புகிறார்கள். நாங்கள் எங்களை அப்படித்தான் அழைக்கிறோம். நாட்டுக்குள்ளேயே ஊர் மாறி ஓடினால் இடம்பெயர்ந்தவர், நாடு கடந்தால் புலம்பெயர்ந்தவர் என்று போர் எங்களுக்கு இரண்டு சொற்களையும் பிரித்துக் கொடுத்துவிட்டது. 1986இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரும், 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரும் புலம்பெயர்ந்தவர்கள். அது ஊரிலிருந்து பார்க்கும் சொல். குடிவந்தவர் என்பது வந்த இடத்திலிருந்து பார்க்கும் சொல். 2020 ஊரடங்கின்போது தமிழ்நாட்டு ஊடகங்கள் வடமாநிலத்தவரைப் புலம்பெயர் தொழிலாளர் என்று எழுதியபோது எனக்கு உறுத்தியது. எங்கள் சொல்லை எடுத்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

பிறகு பட்டினப்பாலையைத் திரும்ப வாசித்தேன்.

"மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப்
புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்
முட்டாச் சிறப்பின் பட்டினம்"

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறார். இதில் புலம்பெயர்ந்தவர்கள் தமிழர் அல்லர். பல மொழி பேசும் நாடுகளிலிருந்து தமிழர் ஊருக்கு வந்தவர்கள். அவர்களுடைய நாட்டுக்குப் பழிதீர் என்று அடைமொழி தருகிறார், குற்றமற்ற நாடு. அவர்கள் கலந்து இனிது வாழ்வதை நகரத்தின் பெருமையாகச் சொல்கிறார். நாங்கள் எங்களுடையது என்று இறுக்கிப் பிடித்த சொல், முதலில் நம்மிடம் வந்தவர்களுக்குச் சூட்டிய சொல். அன்றோடு அந்த உறுத்தல் போய்விட்டது.

அந்தப் பட வரிக்கு வருகிறேன். "நான் வந்தேறிகளின் மகள்" என்பதை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே இப்படி எழுதிப் பார்த்தேன்: "என் பெற்றோர் இங்கே குடிவந்தவர்கள்." சில எழுத்துகளே கூடுதல், ஒரே வரிக்குள் அடங்குகிறது. தாளை அம்மாவிடம் கொடுத்தேன். வழக்கம்போல வாய்விட்டு வாசித்தார்.

"ஓம், நாங்களும் அப்பிடித்தானே" என்றார்.