பங்கர்: கப்பலுக்குள் ஒரு பத்தாயம்

கப்பல் போக்குவரத்து பற்றிய ஒரு கட்டுரையின் இயந்திர மொழிபெயர்ப்பில் 'பசுமைப் பதுங்குகுழி' என்றிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். புல் முளைத்த குழியோ என்று யாராவது நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. அகராதியில் 'பங்கர்' என்று தேடினால் முதலில் கிடைப்பது பதுங்குகுழிதான். ஈழத்து வாசகருக்கு அகராதியே வேண்டாம்; வீட்டு வளவில் வெட்டி, மண்மூட்டை அடுக்கி, விமானச் சத்தம் கேட்டதும் ஓடி இறங்கிய குழிக்கு அங்கே பேச்சில் பங்கர் என்றுதான் பெயர். துறைமுகத்தில் அந்தச் சொல் குறிப்பதோ கப்பல் எரிக்கும் எண்ணெயை.

சொல்லின் பிறப்பு ஸ்காட்லாந்தில். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே அது மூடி போட்ட பெட்டி. மேலே உட்காரலாம், உள்ளே பொருள் வைக்கலாம். நம் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே நெல், மூடிமேல் தாத்தாவின் மதியத் தூக்கம். 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தபோது நிலக்கரி கொட்டிவைக்கும் அறைக்கு அந்தப் பெயர் போயிற்று. ஏடனும் கொழும்பும் கப்பல்கள் கரி ஏற்றிக்கொள்ள நின்ற துறைகளாகப் பெயர் பெற்றன. கோல்ஃப் திடலின் மணற்குழியும் போர்க்களக் குழியும் இதே சொல்லின் வேறு கிளைகள்.

முதல் உலகப்போரை ஒட்டிப் பிரிட்டிஷ் கடற்படை கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. திருகோணமலையில் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டிகள் அந்த மாற்றத்தின் மிச்சம். கரியும் போயிற்று, கரியறையும் போயிற்று. பெயர் மட்டும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணத்தில் இது இடவாகுபெயர்: இடத்தின் பெயர் அங்கே இருக்கும் பொருளுக்கு ஆகிவருவது. 'பாலை இறக்கு' என்று சொல்லிப் பாத்திரத்தை இறக்குகிறோமே, அந்தத் தானியாகுபெயரின் தலைகீழ்.

எண்ணெய் ஏற்றும் வேலைக்கு 'பங்கரிங்' என்று பெயர். பெரும்பாலும் எண்ணெய்ப் படகு ஒன்று கப்பலின் பக்கத்தில் வந்து கட்டிக்கொள்ளும். தடித்த குழாய் வழியாக எண்ணெய் ஏறும். கன எரியெண்ணெய் தார்போல இறுகுவது, சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். ஏறும் நேரம் முழுவதும் குழாய் வாயில் சொட்டுச் சொட்டாக மாதிரி பிடித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைக்கிறார்கள். அந்தப் புட்டியை 12 மாதமாவது பத்திரப்படுத்த வேண்டும். கூடவே தரும் ஒப்படைப்புச் சீட்டை 3 ஆண்டு.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. எண்ணெய்க்குள் காற்றை ஊதி நுரைக்கவைத்து, தொட்டியில் அளவு கூடுதலாகக் காட்டுவது இத்தொழிலின் பழைய களவு. கப்பல்காரர்கள் அதைக் 'கப்புச்சீனோ' என்பார்கள். நுரைதள்ள ஆற்றிய டீயில் அரை கிளாஸ்தான் டீ என்பது நமக்குத் தெரியாததா? ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் எரிபொருள் விற்கும் சிங்கப்பூர், 2017 முதல் எடையை நேரடியாக அளக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது.

மாதிரிப் புட்டிக்கு இன்னொரு வேலை, கந்தகத்தைக் காட்டிக்கொடுப்பது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைய வேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி. புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவி நீக்கும் கருவியைப் புகைபோக்கியில் பொருத்திய கப்பல்களுக்கு மட்டும் விலக்கு. 2050-ஐ ஒட்டிப் பசுங்குடில் வாயு உமிழ்வை நிகர பூச்சியமாக்குவது என்று 2023-இல் அதே அமைப்பு இலக்கு வைத்தது. 'பசுமைப் பங்கரிங்' என்ற சொல் புழங்குவது இதனால்தான். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் உண்டாக்கிய மெத்தனால், அம்மோனியா போன்றவற்றைக் கப்பலுக்கு ஏற்றுவதே அது. ஒரு டன் மெத்தனால் தரும் ஆற்றல் ஒரு டன் எண்ணெய் தருவதில் பாதிதான். ஆகவே பத்தாயம் பெரிதாக வேண்டும், சரக்குக்கு இடம் குறையும். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 750 கன மீட்டர் பசுமை மெத்தனால் நிலையத்துக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

தமிழில் எப்படி எழுதலாம்? ஒற்றைச் சொல்லில் அடைக்கப் பார்ப்பதுதான் வம்பு. எண்ணெயைக் குறித்தால் 'கப்பல் எரிபொருள்', அறையைக் குறித்தால் 'எரிபொருள் தொட்டி', வேலையைக் குறித்தால் 'எரிபொருள் ஏற்றல்', பக்கத்தில் வந்து நிற்கும் கலம் 'எரிபொருள் படகு'. 'நிரப்பல்' என்பதைவிட 'ஏற்றல்' எனக்குப் பிடிக்கிறது. கப்பலில் எதையும் ஏற்றுகிறோம், இறக்குகிறோம். தொட்டியை வழிய நிரப்புவதும் வழக்கமில்லை, சூட்டில் விரிவதற்கு இடம் விடுவார்கள். திருப்பூர் ஏற்றுமதியாளரின் கப்பல் கட்டணச் சீட்டில் வரும் 'பங்கர் சர்சார்ஜ்' மட்டும் 'எரிபொருள் கூடுதல் கட்டணம்' ஆகட்டும். அங்கேயும் பதுங்குகுழியைப் போட்டுவிட்டால், யாருடைய குழிக்குத் தாம் பணம் கட்டுகிறோம் என்று அவர் கேட்பார்.