நட்சத்திரத்தின் பெயரில் கடை போட முன்

கொழும்பில் உணவகங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். ஒரே மாதிரியான கோப்பு ஒன்று அடிக்கடி என் மேசைக்கு வருகிறது. வெளிநாட்டில் உழைத்த காசோடு ஊர் திரும்பிய ஒருவர், நடிகர் ஒருவரின் பெயரில் இந்தியாவில் ஓடும் உணவகத்தின் கிளையை வெள்ளவத்தையிலோ கொள்ளுப்பிட்டியிலோ திறக்க நினைப்பார். "பெயருக்கே சனம் வரும் அக்கா" என்பார். சனம் வரும்தான். திறந்த புதிதில் காலி வீதியில் வாகனம் விட இடம் கிடைக்காது. சிக்கல் அதற்கு அப்புறம்.

இந்த வியாபாரத்தின் பெரியண்ணன் பிளானட் ஹொலிவூட் என்ற அமெரிக்க உணவகச் சங்கிலி. ஸ்டாலோன், புரூஸ் வில்லிஸ், ஸ்வாஸ்நேகர் ஆகியோரைப் பங்காளிகளாகக் காட்டி 1991இல் நியூயோர்க்கில் தொடங்கியது. 1996இல் பங்கொன்றை 18 டொலருக்கு வெளியிட்டபோது முதல் நாளே விலை 30 டொலரைத் தாண்டியது. 1999இல், கடன்காரரிடமிருந்து தப்ப வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2001இல் மறுபடியும் போனது. ஸ்வாஸ்நேகர் 2000இலேயே விலகிவிட்டார். நயோமி கெம்பல், குளோடியா ஷிஃபர் போன்ற மொடல்களை முன்னிறுத்திய ஃபஷன் கஃபே 1995இல் நியூயோர்க்கில் திறந்து 1998இல் அங்கே மூடியது.

திறப்பு விழாவுக்கு நட்சத்திரம் வரும். அடுத்த நாளிலிருந்து சுவரில் படம்தான் இருக்கும். சாப்பாடோ சாதாரண பர்கர். சுற்றுலா வந்தவர் படம் எடுத்து, நகரின் பெயர் அச்சிட்ட ரீசேர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கொழுத்த லாபம் அந்த ரீசேர்ட்டில்தான். ஊருக்கு ஊர் கிளை வந்த பிறகு அதற்கும் மவுசு போய்விட்டது. உள்ளூர்க்காரர் எப்போதும் பக்கத்துக் கடையில்தான் சாப்பிட்டார்.

சுற்றுலாவை நம்புவது கொழும்பில் இன்னும் ஆபத்து. 2018இல் நாட்டுக்கு வந்த பயணிகள் 23 லட்சத்துக்கு மேல். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா. 2021இல் 2 லட்சம்கூட இல்லை. 2024இல்தான் திரும்ப 20 லட்சத்தைத் தாண்டியது. அந்த நடுவருடங்களில் வெள்ளவத்தைச் சைவக் கடைகள் பார்சல் கட்டியே பிழைத்தன. அவற்றின் வாடிக்கையாளர் அடுத்த ஒழுங்கையில் இருந்தார்.

"அப்ப மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்?" என்று கொழும்பின் பிரபல நண்டு உணவகத்தைக் காட்டிக் கட்டாயம் கேட்பார்கள். கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காரவும் மஹேலவும் அதில் பங்காளிகள்தான். ஆனால் 2011இல் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையில் அது திறந்தபோது மூன்றாவது பங்காளியான சமையற்காரர் தர்ஷன் முனிதாச, 1995இலிருந்தே இதே ஊரில் நிஹொன்பாஷி என்ற ஜப்பானிய உணவகத்தை நடத்திக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகையில் இருப்பதும் நண்டு, கிரிக்கெட் இல்லை. நல்ல நண்டெல்லாம் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த நாட்டில் அதை இங்கேயே மேசைக்குக் கொண்டுவந்தது அவர்களின் கெட்டித்தனம்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். பெயரைப் பாவிப்பதற்குக் கொடுக்கும் ராயல்டி லாபத்தில் கழிவதில்லை, விற்பனையில் கழிகிறது. ஒரு பேச்சுக்கு 6 வீதம் என்று வையுங்கள். மாத விற்பனை 50 லட்சமென்றால் 3 லட்சம் போகும். 30 லட்சத்துக்கு விழுந்து கடை நட்டத்தில் ஓடினாலும் 1,80,000 போகத்தான் வேண்டும்.

இதைவிட மோசம், 'மொத்த விற்பனை' என்பதற்கு அவர்கள் எழுதிவைக்கும் விளக்கம். 10,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 18 வீத வற் வரியும் 10 வீத சேர்விஸ் சார்ஜும் சேர்ந்தால் பில் 12,800. வரி அரசாங்கத்தின் காசு, சேர்விஸ் சார்ஜ் ஊழியருடையது. இரண்டையும் கழித்துத்தான் கணக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், 600 ரூபாய் கொடுக்கவேண்டிய இடத்தில் 768 கொடுப்பீர்கள். நான் பார்த்த ஒரு வரைவில் இந்த விலக்கு இல்லவே இல்லை. கேட்டதும் மறுபேச்சின்றிச் சேர்த்தார்கள். கேட்காதவர்களை நினைத்துக்கொண்டேன்.

விற்பனை எவ்வளவானாலும் கட்டவேண்டிய குறைந்தபட்சக் கட்டணத்தை டொலரில் எழுத விடாதீர்கள். 2022 தொடக்கத்தில் 1,000 டொலர் 2 லட்சம் ரூபாய். அதே வருடம் மே மாதம் 3,60,000 அளவில். வெளிநாட்டுக்கு அனுப்பும் ராயல்டியில் முன்கூட்டியே பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டும் நிறுத்திவைத்தல் வரியை யார் தாங்குவது என்பதையும் பாருங்கள். 'வரி நீங்கலாக முழுத்தொகை' என்று இருந்தால் அதுவும் உங்கள் தலையில்தான்.

நடிகர் விலகினால், வழக்கில் மாட்டினால், பெயரை வேறொரு நிறுவனத்துக்கு விற்றால் என்ன நடக்கும்? பெரும்பாலான வரைவுகள் அவரின் பக்கத்தை மட்டும் காப்பாற்றும். உங்களுக்கோ கட்டட வாடகை ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் முகம் பதித்த உள் அலங்காரத்தை அடுத்த வாடகைக்காரர் காசு கொடுத்து எடுக்கமாட்டார். பெயர் போனால் இழப்பீடின்றி நீங்களும் வெளியேறலாம் என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

கையெழுத்து வைக்க முன், ஏற்கெனவே ஓடும் கிளை ஒன்றின் மூன்றாம் வருடக் கணக்கைக் கேளுங்கள். காட்டமாட்டோம் என்றால் சென்னைக்கு டிக்கெட் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அந்தக் கடையில் போயிருந்து, நிறைந்த மேசைகளை நீங்களே எண்ணிப்பாருங்கள்.