தாரைக் குறை சொல்வதற்கு முன் ஜல்லியைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்னொரு ஊராட்சிச் சாலை இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் போய்விட்டது. தார் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெயர்ந்த தாரைக் கையில் பிடித்து "எவ்வளவு மெல்லிசு பாருங்க" என்று எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். குழிக்குள் யாரும் கைவிட்டுப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். ஜல்லியும் செம்மண்ணும் சேறாகக் கிடந்தன. சாலைத் தரப் பரிசோதனை வேலையில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துவிட்டது.

கிராமச் சாலைகளில் பெரும்பாலும் மேலே இருப்பது கார்ப்பெட் எனப்படும் 20 மி.மீ. தார் அடுக்குதான். பாரம் தாங்குவது அதற்குக் கீழே உள்ள வெட் மிக்ஸ் ஜல்லி, அதாவது பல அளவுக் கற்களை ஈரத்தோடு கலந்து இறுக்கிய அடுக்கு.

"கொஞ்சம் மண்ணைத் தூவி ரோலர் விடுங்க சார், நல்லாப் பிடிச்சுக்கும்" என்று வார்டு மெம்பர் சொல்வார், மேஸ்திரியும் தலையாட்டுவார். பிடிக்காது. உடைத்த கல்லின் முனைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதுதான் பிடிப்பு. பெரிய கல்லின் இடுக்கில் சின்னக் கல், அதன் இடுக்கில் கிரஷர் டஸ்ட் என்கிற கல்பொடி, அளவான ஈரம், அப்புறம் ரோலர். இடுக்கில் களிமண் புகுந்தால் கல்லும் கல்லும் தொடவே தொடாது. வெயிலில் அது பாறைபோல இறுகி நம்மை ஏமாற்றும். அதனால்தான் மேடம் (சித்திரை) மாதத்தில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. நனைந்ததும் அதே மண் சோப்பாகி, கற்கள் வழுக்கி விலகும். கலவையின் நுண்துகளில் களித்தன்மையைக் காட்டும் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் என்ற எண் 6-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விதி சொல்வது இதற்காகத்தான். 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற, ஜல்லிச் சாலை முறைக்குப் பெயர்பெற்ற மெக்காடமும், நீரை உறிஞ்சும் மண்ணை ஜல்லியோடு சேர்க்காதீர்கள் என்றுதான் மன்றாடினார். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில், நனைந்தால் உப்பும் கரிசல் மண் வேறு இருக்கிறது. சாலையோரக் கரிசலை ஜேசிபியால் வாரி ஜல்லிமேல் தள்ளுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பொதுமக்கள் கேள்வி கேட்க வேண்டிய நேரம் தார் வண்டி வருவதற்கு முன்பு. ஜல்லி வந்து இறங்கும்போதே போய்ப் பாருங்கள். பெரிய கல் ஓரத்திலும் பொடி நடுவிலும் பிரிந்து கிடந்தால் மறுபடி கலக்கச் சொல்லுங்கள். இறுகிய பிறகு ஒரு அடுக்கு 200 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போட்டால் அடிப்பகுதி இறுகாது. ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 98 சதவீதம் வந்ததற்கான பரிசோதனைத் தாளை ஓவர்சியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

ஜல்லி குத்துகிறது, டயர் போகிறது என்று மண் கொட்டச் சொல்லாதீர்கள். தார் விழும்வரை தயவுசெய்து மாற்றுப்பாதையில் போங்கள். அப்புறம், வீட்டு வாசலுக்குச் சரிவு கட்டுகிறேன் என்று சாலையோர ஓடையை கான்கிரீட்டால் அடைத்து வைத்திருக்கிறீர்களே, தண்ணீர் போக வழியில்லாமல் ஜல்லிக்குள்தான் இறங்கும்; அதை உடைத்துக் குழாய் வைத்துக் கட்டுங்கள். துலா (ஐப்பசி) மழை வருவதற்குள் செய்துவிடுங்கள்.