பிரசவத்துக்குப் பின்னான பத்து நாட்களும் முகவரி மாறும் குடும்பங்களும்

யாழ்ப்பாண நகரத்துக்குள் குருநகர், நாவாந்துறை, சோனகதெரு போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றும் எவரும் ஒரு விடயத்தை விரைவிலேயே கண்டுகொள்வார். கர்ப்பகாலக் கிளினிக்குக்கு ஒழுங்காக வந்த பெண்களில் சிலர், பிரசவம் முடிந்த கையோடு எங்கள் கண்ணில் படாமற் போய்விடுகிறார்கள். குழந்தை வைத்தியசாலையிலேதான் பிறக்கிறது. தாயும் பிள்ளையும் நலமாகத்தான் வெளியேறுகிறார்கள். ஆனால் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. அந்தப் பெண்களையும் அவர்களுடைய குடும்பத்தவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து, இலங்கையின் தாய் சேய் நலப் பணி பிரதேச அடிப்படையிலேயே நடந்து வருகிறது. சுமார் 3000 பேர் வாழும் ஒரு பிரதேசம் ஒரு குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அங்கே கருவுற்ற பெண்ணை எட்டு வாரத்துக்குள் பதிவுசெய்வதும், கர்ப்பகாலத்தில் வீடு தேடிச் சென்று பார்ப்பதும், பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையும் அதன்பின் ஆறு வாரம் நிறைவதற்குள் மேலும் இரண்டு தடவையும் செல்வதும் அவருடைய கடமை. இந்த ஏற்பாடு நாட்டில் எத்தனையோ தாய்மாரின் உயிரைக் காத்திருக்கிறது. ஆயினும் ஒரு குடும்பம் ஒரே முகவரியில் நிலையாக வாழும் என்ற எண்ணத்தின்மேல் அமைந்த ஏற்பாடு இது. எங்கள் நகரத்தில் அந்த நிலையைப் போர் குலைத்துவிட்டது.

1990 ஒக்டோபரில் சோனகதெருவின் முஸ்லிம் குடும்பங்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டன. 2009இன் பின்னர் திரும்பி வந்தவர்களில் பலருக்கு இன்றும் ஒரு கால் தஞ்சம் புகுந்த புத்தளத்திலும் ஒரு கால் யாழ்ப்பாணத்திலுமாகவே வாழ்க்கை நடக்கிறது. 1995 ஒக்டோபரின் இறுதியில் நகரமே வெறுமையாகி மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தார்கள். போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்து, உறவினர் வீட்டின் ஓர் அறையிலோ வாடகைக்கு எடுத்த பத்தியிலோ குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். இப்படியான குடும்பத்துப் பெண் ஓரிடத்தில் கர்ப்பத்தைப் பதிவுசெய்து, இன்னோரிடத்தில் பிரசவித்து, மூன்றாவது இடத்துக்குப் பிள்ளையோடு போகும்போது, மூன்று இடத்து உத்தியோகத்தர்களும் அவர் மற்றவருடைய பொறுப்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ள இடமுண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் எங்கள் வழக்கத்திலும் இதே சிக்கல் இருக்கிறது.

பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஒருவரைக் கண்டு தயங்குவது இங்கே புதிதல்ல. வீட்டில் எத்தனை பேர், ஆண்கள் எங்கே, அடையாள அட்டை இலக்கம் என்ன என்ற கேள்விகளுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று அஞ்சி வாழ்ந்த மக்கள் இவர்கள். 2011இல்கூட இராணுவத்தினர் குடும்பங்களைப் பதிவுசெய்ததை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்குவதாகப் பேசப்பட்ட ‘கிறீஸ் பூதம்’ பற்றிய பயத்தால் நாவாந்துறைப் பெண்கள் பொழுது சாய்ந்ததும் கதவைத் திறக்க மறுத்தார்கள். அந்த அச்சத்தை நான் ஒருபோதும் குறையாகச் சொல்லமாட்டேன். குடும்பநல உத்தியோகத்தர் எழுதும் விபரம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் மருத்துவப் பணிக்கானது. கணவர் இல்லை என்றோ, திருமணம் பதியப்படவில்லை என்றோ சொல்வதால் ஒரு தாய்க்குக் கிடைக்கும் சேவை குறையாது. உங்களுக்கு எழுத விருப்பமில்லாத விபரம் ஏதும் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். கதவை மட்டும் மூடிவிடாதீர்கள்.

பிள்ளையை நிறுப்பதற்காக மாத்திரமே நாங்கள் வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பத்து நாட்களில் எங்கள் கண் முதலில் தேடுவது தாயைத்தான். குறைந்து வந்த இரத்தப்போக்கு திடீரென்று கூடுகிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா, துர்நாற்றம் உண்டா, காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்து இருக்கின்றனவா என்று கேட்கிறோம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் இருந்தால் அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரமும் பொறுக்கக் கூடாது. கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் சரியாக இருந்த பெண்ணுக்குக்கூடப் பிரசவத்தின் பின்னர் அது உயர்ந்து வலிப்பு வரக்கூடும்; கடுமையான தலையிடியும் கண் மங்கலும் அதற்கு முன்னறிவிப்பு. “பிள்ளைப்பெத்த உடம்பு, அப்பிடித்தான் இருக்கும்” என்று வீட்டில் மூத்தவர்கள் ஆறுதல் சொல்வது அன்பினால்தான் என்றாலும், இந்த அறிகுறிகளுக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

பிள்ளைப்பெற்றவளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சரக்குக் கறியையும் பால்சுறா வறையையும் நான் தடுப்பதில்லை. அவை நல்ல உணவுகள். தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தைத்தான் கைவிடச் சொல்கிறேன், ஏனென்றால் பாலூட்டும் தாய்க்குத் தாகத்துக்கேற்ற நீர் கட்டாயம் தேவை. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்திவிடுவதும் அதே அளவு தவறு. நாட்கூலிக் குடும்பங்களில் தாய்க்கென்று கொடுத்த திரிபோஷ சத்துமா, வீட்டில் பசியோடிருக்கும் மூத்த பிள்ளைகளுக்குப் போய்விடுகிறது. எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். அவளைக் கண்டிப்பதற்குப் பதிலாக, மூத்த பிள்ளையின் நிறையையும் பார்த்து, அதற்கும் உரிய உதவியைக் கேட்டுப் பெற்றுக்கொடுப்பதே சரியான வழி.

வேறெங்கும் அதிகம் பேசப்படாத ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். போரில் வெடித்த செல்களின் (எறிகணைகளின்) துண்டுகள் இன்னும் உடம்பில் இருக்க வாழும் பெண்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். நோவில்லாததால் அதைச் சொல்லத் தேவையில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். முதுகுத்தண்டுக்கு அருகில் துண்டு இருந்தால், சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போடும் வைத்தியருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். வயிற்றில் பழைய சத்திரசிகிச்சை நடந்திருந்தாலும் அப்படியே. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னரும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எப்போது, எப்படிக் காயப்பட்டீர்கள் என்ற கதையை விபரிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கிளினிக் அட்டையில் எழுதச் செய்தால் போதும்.

மனநிலையைப் பற்றிக் கேட்கும்போது, மாமியாரும் அயலவரும் சூழ்ந்திருக்க எந்தப் பெண்ணும் “நல்லாயிருக்கிறன் மிஸ்” என்றுதான் சொல்வாள். தையல் காயத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திய பின்னரே பேச்சு வருகிறது. நித்திரையின்மை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமை, தான் இல்லாமற் போனால் நல்லது என்ற எண்ணம் ஆகியவை பிரசவத்தின் பின்னர் எந்த ஊரிலும் வரலாம். இங்கே அவற்றோடு, தன்னைப் பெற்ற தாய் துணைக்கு உயிரோடு இல்லாத பிரசவம், காணாமல் ஆக்கப்பட்ட அண்ணனின் சாயலில் பிறந்த பிள்ளை என்ற பாரங்களும் சேர்கின்றன. நாங்கள் கேட்கும் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாக்கொத்து யாரையும் “விசர்” என்று முத்திரை குத்துவதற்கானதல்ல. உதவி தேவைப்படும் பெண்ணை நேரத்தோடு அடையாளம் காணவே அது பயன்படுகிறது. நாங்கள் தாயுடன் தனியே பேசும் அந்தச் சில நிமிடங்களில் குடும்பத்தவர்கள் விலகி நின்றால் அதுவே பெரிய உதவி.

ஆகவே கருவுற்ற பெண்களிடமும் குடும்பத்தவர்களிடமும் நான் கேட்பது மிகச் சிறியது. பிரசவத்துக்குப் பின் எந்த வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்பதை எட்டாம் மாதத்திலேயே உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு பிரதேசத்துக்குப் போனால், போன அன்றே அந்த இடத்துக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒருவரை அனுப்பியாவது அறிவியுங்கள். புத்தளத்தில் பதிவுசெய்த அட்டை இங்கும் செல்லும். வாடகைக்கு வீடு கொடுத்திருப்பவர்கள், தங்கள் வளவுக்குள் ஒரு பச்சிளம் குழந்தை வந்திருந்தால், தாயிடம் சொல்லிவிட்டு எங்களுக்கு ஓர் அழைப்பை எடுங்கள். விபரம் கிடைத்தால், அந்தப் பத்து நாட்கள் முடிவதற்குள் நாங்கள் வருவோம்.