லண்டன் போக 11 மணி, திரும்பி வர 10 மணி

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். இங்கிருந்து போகும்போது விமானத்தில் ஏறக்குறைய 11 மணி நேரம், ஊருக்கு வரும்போது மட்டும் ஒரு மணி நேரம் போலக் குறைச்சல். "ஒரே தூரம்தானே, அதெப்படி?" என்று அக்கா கேட்க, "பூமி சுத்துதில்ல, அதான்" என்று மாடி வீட்டு அண்ணன் முடித்துவிட்டார்.

தப்பு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, அதுதான் காரணம் என்றால் மேற்கே போகிறவனை நோக்கி லண்டனே நகர்ந்து வரவேண்டும், போகிற பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். நம்மூர் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் காற்றும் கூடவே ஓடுகிறது. ஓடுகிற கும்மிடிப்பூண்டி ரயிலுக்குள் பந்தைத் தூக்கிப் போட்டால் கைக்கேதானே திரும்பி வருகிறது?

விஷயம் மேலே வீசும் காற்றில் இருக்கிறது. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், வடக்கே ஈரான், ஐரோப்பா பக்கமெல்லாம், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது, பெயர் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். வெப்பமான பகுதியிலிருந்து வடக்கே நகரும் காற்று கிழக்கே திரும்பிவிடுவதால் வருவது இது. அப்படித் திருப்பிவிடுவது பூமியின் சுழற்சிதான், அதனால் அண்ணனுக்குப் பாதி மார்க் போடலாம். காசிமேட்டு விசைப்படகுக்காரரைக் கேளுங்கள், நீரோட்டத்தோடு வந்தால் டீசல் மிச்சம், எதிர்த்துப் போனால் இன்ஜின் எவ்வளவு முக்கினாலும் கரை நகராது.

சரி, தூரம்? சுமார் 8,200 கிலோமீட்டர். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அரபிக்கடல், அரேபியா வழியாக அதைவிடக் கூடுதலாக வரும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது குஜராத், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன், போலந்து என்று வடக்கே வளைந்து போகும், அதுதான் குறுக்குவழி. ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி மூடிக் கிடக்கிறது, சுற்றித்தான் போகவேண்டும்.

போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். காற்றே இல்லாமல் 900 கிலோமீட்டர் வேகத்தில் போய்வந்தால் 18 மணி 13 நிமிடம். 100 கிலோமீட்டர் காற்று வீசினால் போகும்போது வேகம் 800, அதாவது 10 மணி 15 நிமிடம், வரும்போது 1,000, அதாவது 8 மணி 12 நிமிடம். கூட்டினால் 18 மணி 27 நிமிடம். 14 நிமிடம் நஷ்டம், ஏனென்றால் எதிர்காற்றில்தான் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.