ஏற்காடு தனித்தொகுதியும் இரண்டு கணக்குகளும்

ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளர் எல்லோரும் வாக்களிக்கலாம். ஆனால் போட்டியிடும் உரிமை, சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்தவர் அல்லர்) போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு மட்டுமே உண்டு. இந்த ஒதுக்கீட்டுக்குக் கெடு உண்டென்பதைச் சேலத்திலேயே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தனித்தொகுதிகள் பத்தாண்டுகள் நீடிக்கும் என்றுதான் அரசமைப்புச் சட்டத்தின் 334-ஆவது பிரிவு 1950-இல் சொன்னது. கெடு நெருங்கும்போதெல்லாம் நாடாளுமன்றம் அப்பிரிவைத் திருத்தி, பத்தை இருபதாக்கி, இருபதை முப்பதாக்கி வந்தது. ஏழாவது நீட்டிப்பான 104-ஆவது திருத்தம் 2019 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறி, அதை எண்பதாக்கியது.

சாதாரணச் சட்டத்துக்கு இவ்வளவு பாடில்லை. அவையில் வாக்களிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தால் போதும். மக்களவை நடக்கக் குறைந்தது 55 பேர் வேண்டுமென்பதால், ஏட்டளவில் 28 பேரே ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட முடியும். இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம்; 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் அப்படித்தான் நிறைவேறியது.

அரசமைப்புத் திருத்தத்துக்கோ 368-ஆவது பிரிவு இரண்டு கணக்குகளை வைக்கிறது: வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும், அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும் ஆதரிக்க வேண்டும். மேடைகளில் முதற்கணக்கைத்தான் பேசுகிறார்கள். என் பார்வையில் வலுவான காவல் இரண்டாவதே. 543 பேர் கொண்ட மக்களவையில் 300 பேர் மட்டும் வாக்களித்தால் மூன்றில் இரண்டு பங்கு 200 தான், ஆனால் 272 பேர் ஆதரிக்காமல் திருத்தம் நிறைவேறாது. 450 பேர் வாக்களித்தாலோ தேவை 300 ஆக உயர்கிறது. ஆள் குறைந்த நாளில் அரசமைப்பை மாற்றிவிடக் கூடாதென்பதே இந்த இரட்டைப் பூட்டின் நோக்கம். மாநிலங்களவையும் இதே கணக்கைத் தனியாகத் தாண்ட வேண்டும். கூட்டுக் கூட்டத்துக்கு இங்கே இடமில்லை.

நாடாளுமன்றத்தில் மாநிலங்களுக்குள்ள இடம் போன்றவற்றைத் தொடும் திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை. 104-ஆவது திருத்தமும் அவ்வழியே சென்றது. பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்பது 1971-இன் 24-ஆவது திருத்தத்தால் வந்த விதி. எத்திருத்தமும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாதென்று, கேசவானந்த பாரதி வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஆறு என்ற நீதிபதிகள் கணக்கில் தீர்ப்பளித்தது.

இப்போதைய கெடு 2030 ஜனவரியில் முடிகிறது. நீட்டிக்காமல் விட்டாலும் ஏற்காட்டு உறுப்பினரின் பதவி அன்றே பறிபோகாது. அப்போதுள்ள சட்டமன்றம் கலையும்வரை அது தொடரும் என்று அதே 334-ஆவது பிரிவு ஏற்பாடு செய்திருக்கிறது.