ஜிகா ஜிசன்: தன் ஓவியத்துக்குத் தானே பாயிரம்

பழைய ஜப்பானிய ஓவியச் சுருள் ஒன்றை விரித்துப் பாருங்கள். கீழே மூங்கிலோ மலையோ இருக்கும். மேலே வெற்றிடம் விட்டு, அதில் தூரிகையால் சில வரிகள் எழுதியிருக்கும். ஓவியத்தைப் போற்றியோ அதன் கருத்தை விரித்தோ எழுதும் அந்த வரிகளுக்குச் 'சன்' என்று பெயர். வழக்கமாக ஓவியர் தாம் மதிக்கும் துறவியிடமோ கவிஞரிடமோ அதைக் கேட்டு வாங்குவார். வரைந்தவரே அதையும் எழுதிக்கொண்டால் அது 'ஜிகா ஜிசன்'. 'ஜி' என்றால் தன், 'கா' என்றால் ஓவியம்; தானே வரைந்து தானே புகழ்வது. ஓவியத்தை விட்டு வெளியே வந்து இன்று அது தற்புகழ்ச்சிக்கான பொதுச்சொல்லாகிவிட்டது. ஒருவர் தன்னைப் புகழ்ந்தாலும் ஒரு நாடு தன்னைப் புகழ்ந்தாலும் ஜப்பானியர் இந்த ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள்.

தமிழ் படித்தவருக்கு இந்த இடத்தில் நூலின் முகப்பில் வரும் முன்னுரையான பாயிரம் நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்ய உரியவர்கள் யார் என்று நன்னூல் வரையறுக்கிறது: நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர். எழுதியவருக்கு அங்கே இடமில்லை. ஏன் என்பதை அடுத்த நூற்பா சொல்கிறது: 'தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி அன்றே'. யாரும் காணாத நுட்பங்களைக் கண்டு எத்தனை துறைகளில் நூல் செய்து முடித்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார் பவணந்தி முனிவர். ஜப்பானியரின் 'சன்', நம் பாயிரம் இரண்டுக்கும் ஒரே முறைமைதான்: புகழ் பிறர் கையிலிருந்து வரவேண்டும்.

ஜப்பானிய மொழியில் இதற்கு ஓர் எளிய உறவுச்சொல்லும் உண்டு: 'தெமாயே மிசோ', அதாவது 'எங்கள் வீட்டு மிசோ'. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் மிசோவை முன்பு வீட்டுக்கு வீடு செய்தார்கள். அவரவருக்கு அவரவர் வீட்டு மிசோதான் ருசி. நம் ஊரில் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. 'தெமாயே மிசோதான், ஆனாலும்...' என்று கூச்சத்தோடு தொடங்கித்தான் ஜப்பானியர் தம் வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்தக் கூச்சம் இருக்கும்வரை தற்பெருமையால் யாருக்கும் கேடில்லை.

கூச்சம் கழன்றுவிட்ட வடிவத்துக்குப் பெயர் 'நிஹோன் சுகோய்'. 'ஜப்பான் அபாரம்' என்று பெயர்க்கலாம். 'சுகோய்' என்பதன் பழைய வடிவமான 'சுகொஷி' உடல் சிலிர்க்கும் குளிரையும் அச்சத்தையும் பாழ்வெளியின் வெறுமையையும் குறித்தது. நம் பேச்சில் 'பயங்கரம்' பாராட்டாக மாறியதுபோல அதுவும் மாறிவிட்டது. 2010களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் இந்த வகை நிகழ்ச்சிகள் பெருகின. அமைப்பு எப்போதும் ஒன்றுதான். வெளிநாட்டுப் பயணி ஒருவர் நூடுல்ஸையோ, சமையல் கத்தியையோ, வெந்நீர் பீச்சிக் கழுவும் கழிப்பறை இருக்கையையோ முதன்முதலாகப் பார்க்கிறார். அவர் கண் விரிகிறது. அவர் சொன்னது திரையில் கொட்டை எழுத்தில் விழுகிறது. மூலையில் ஒரு சிறு சதுரத்துக்குள், அரங்கில் அமர்ந்திருக்கும் ஜப்பானியப் பிரமுகரின் முகம் மலர்ந்து தலையசைக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது அந்தச் சதுரத்தைத்தான். பேசுபவர் வெளிநாட்டவர்; ஆளைத் தேர்ந்து, பேச்சை வெட்டி, எழுத்தைப் பெரிதாக்கியவர்கள் ஜப்பானியர். ஓவியமும் தனது, பாயிரமும் தனது, கையெழுத்து மட்டும் இரவல்.

இந்த இரவலுக்கு முன்கதை உண்டு. 1979இல் ஹார்வர்டு பேராசிரியர் எஸ்ரா வோகல் ஜப்பானை முதலிடத்தில் வைத்து ஒரு நூல் எழுதினார். துணைத்தலைப்பு 'அமெரிக்காவுக்கான பாடங்கள்'. அமெரிக்கர்கள் படித்துத் திருந்துவதற்காக எழுதிய நூல் ஜப்பானில் அமோகமாக விற்றது. ஆனால் அன்று ஜப்பானின் தொழிற்சாலைகள் உலகையே திகைக்க வைத்துக்கொண்டிருந்தன. பாயிரத்துக்குக் கீழே ஓவியம் இருந்தது. 2010இல் பொருளாதாரத்தில் சீனா ஜப்பானை முந்தியது. 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுக்குஷிமா அணு உலை விபத்தும் வந்தன. மனம் ஒடிந்திருந்த மக்களுக்குப் பிறர் வாயால் ஒரு நல்ல சொல் தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். அந்தத் தேவையைக் குறைசொல்ல மாட்டேன். அதை வாராவாரம் விற்பனைச் சரக்காக்கியதைத்தான் குறைசொல்கிறேன்.

இந்நிகழ்ச்சிகளை விமர்சிப்பவர்கள் 'நிஹோன் ரைசன்' என்ற சொல்லை ஆள்கிறார்கள். 'ரைசன்' பௌத்த வழிபாட்டிலிருந்து வந்தது. வணங்கிப் போற்றுதல் என்று பொருள். தமிழில் 'போற்றி' என்ற சொல் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. வழிபாட்டுச் சொல் நாட்டின் மீது ஏறினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் ஒருமுறை கண்டிருக்கிறது. 1933இல் சர்வதேச சங்கத்திலிருந்து அது வெளியேறியது. 1937இல் கல்வி அமைச்சகம் பேரரசரையும் ஜப்பானின் தனித்தன்மையையும் போற்றும் 'கொக்குதாய் நோ ஹொங்கி' என்ற நூலை வெளியிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அதே ஆண்டு சீனாவோடு முழுப்போர் மூண்டது.

நன்னூல் விதிவிலக்குகளும் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம். ஜப்பானிய வலதுசாரிகள் இந்த நான்காவது விலக்கைத்தான் கோருகிறார்கள் என்று சொல்லலாம். 1990களில் அவர்கள் பரப்பிய சொல் 'ஜிக்யாகு ஷிகன்', தன்வதை வரலாற்றுப் பார்வை. போர்க்குற்றங்களையே பேசிப் பேசி நம்மைத் தாழ்த்திவிட்டார்கள், இனி நம் பெருமையைச் சொல்வோம் என்பது வாதம். ஆனால் பழித்தவர் யார்? இயெனாகா சபுரோ என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியர் தாம் எழுதிய பாடநூலில் அரசு கைவைப்பதை எதிர்த்து 1965இல் வழக்குத் தொடங்கினார். 1997 வரை போராடினார். மஞ்சூரியாவில் மனிதர்களைச் சோதனைக்குக் கொன்ற 731ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் செய்தது சட்டவிரோதம் என்று இறுதியில் ஜப்பானின் உச்ச நீதிமன்றமே சொன்னது. வழக்காடியவரும் ஜப்பானியர், தீர்ப்பளித்தவர்களும் ஜப்பானியர். வீட்டார் குறை சொல்வதை, நன்னூல் சொல்லும் 'மறுதலை', அதாவது எதிராளி, பழித்ததாகக் கொள்ள முடியாது.

இனி, தமிழில் எப்படி எழுதுவது? நம் மொழிபெயர்ப்புகளில் இவை எல்லாவற்றையும் 'நாட்டுப்பற்று' அல்லது 'தேசியவாதம்' என்ற இரண்டில் அடைத்துவிடுகிறோம். நாட்டுப்பற்று என்பது 'ஐகொகுஷின்', அது வேறு. தேசியவாதத்துக்கு ஜப்பானியரிடமே அரசை முன்வைக்கும் 'கொக்காஷுகி', குடிமக்களை முன்வைக்கும் 'கொக்குமின்ஷுகி', இனத்தை முன்வைக்கும் 'மின்சொகுஷுகி' என மூன்று சொற்கள் உண்டு. ஜிகா ஜிசன் தனி மனிதரைக் குறித்தால் 'தற்புகழ்ச்சி' போதும். நாட்டைக் குறித்தால் 'நாட்டுத் தற்புகழ்ச்சி' என்பேன். வெளிநாட்டவரைப் பேசவைத்துக் கேட்கும் நிகழ்ச்சிகளுக்குப் 'பிறர்வாய்த் தற்புகழ்ச்சி' என்பது நான் முன்வைக்கும் சொல். 'தற்பாயிரம்' என்று சொல்லும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் கடவுள் வணக்கமும் நூற்பொருளும் கூறும் 'தற்சிறப்புப்பாயிரம்' என்ற மரபுச்சொல் ஏற்கெனவே இருப்பதால், குழப்பம் வரும் என்று விட்டுவிட்டேன்.

2006இல் திருத்திய கல்வி அடிப்படைச் சட்டம், நாட்டையும் சொந்த ஊரையும் நேசிக்கும் மனப்பான்மையைக் கல்வியின் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2018இல் தொடக்கப்பள்ளிகளில் ஒழுக்கக்கல்வி முறையான பாடமானது. அதற்கான முதல் வகுப்பு நூல் ஒன்றில் ஒரு சிறுவன் ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு நடந்து போகிறான். வழியில் ஒரு ரொட்டிக்கடையைக் காண்கிறான். நாட்டின் மரபின் மீது பற்று வளர்க்க நூலில் போதிய இடம் இல்லை என்று 2017 பாடநூல் ஆய்வில் கல்வி அமைச்சகம் குறிப்பு எழுதியது. எதை மாற்றவேண்டும் என்று அது சொல்லவில்லை. பதிப்பகமே ரொட்டிக்கடையை எடுத்துவிட்டு ஜப்பானிய இனிப்புக்கடையை வைத்தது. ஜப்பானியர் ரொட்டியைச் சொல்லும் 'பான்' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். இலங்கைத் தமிழர் சொல்லும் 'பாண்' என்பதும் அதே சொல்தான். அந்தப் பானுக்குள் சிவப்புப் பயறு விழுதை வைத்து 'அன்பான்' என்று ஜப்பானியர் செய்த ரொட்டியைப் பேரரசர் மெய்ஜி 1875இலேயே சுவைத்திருக்கிறார்.